இடது காதுக்குச் சொன்னது

அம்மிணி,

நேற்று மத்தியானம் நீ போன் செய்தபோது நான் களத்தில் இருந்தேன். கொப்பரை முழுக்க வெயிலில் விரித்துக் கிடந்தது. தெற்கே நெல்லியாம்பதி மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "அப்பா, வேலைய உறுதி பண்ணீட்டாங்க. இன்னிக்குத்தான் காயிதம் குடுத்தாங்க" என்று நீ சொன்னாய். நான் என்ன சொன்னேன்? "சரி கண்ணு, மழ வருது, அப்பறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயை இழுக்கப் போய்விட்டேன். மூடி, மூலைக்கு மூலை கல் வைத்துவிட்டு நிமிர்ந்தால் மேகம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய்விட்டிருந்தது. ஒரு துளி விழவில்லை. உங்கம்மா வாசலில் நின்றுகொண்டு, "மூணு மாசமா அந்த ஒரு வார்த்தைக்குத்தான் புள்ள சோறு தண்ணி எறங்காமக் கெடந்தா. நீங்க கொப்பரையக் கட்டீட்டு அழுவுங்க" என்றாள்.

திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. உன்னிடம் எனக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, உன்னை நினைத்தால் எனக்குள் இருக்கும் பெருமை. அது சுலபம். மற்றொன்று உன் இடது காதைப் பற்றியது. அதை வாயால் சொல்லப் போனால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன் என்று எனக்கே தெரியும். வியாபாரி வாய் அப்படிப் பழகிப்போனது. காகிதம் என்றால் எதிரே ஆள் இல்லை, யாருடைய முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றுவது? அதனால்தான் எழுதுகிறேன். கையெழுத்து மோசம், பொறுத்துக்கொள்.

நான் தேங்காய் உரிக்கப் போனவனாகத்தான் இந்தத் தொழிலில் நுழைந்தேன் என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை ஏழாவதோடு விட்டேன். உரித்தபடியே காதைத் தீட்டிக்கொண்டேன். பெருமாட்டியிலிருந்து கோவிந்தாபுரம் வரை எந்தத் தோப்புக்காரரும் இன்றைக்கு என் கையில் ஒரு காயைக் கொடுத்துவிட்டு என் முகத்தைத்தான் பார்ப்பார். தட்டுவேன். கணீரென்றால் முற்றல். மொத்தென்றால் இளசு. கணீரென்ற ஓசைக்கு அடியில் கரகரவென்று ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால் ஓட்டில் விரிசல். பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. இடது கையில் எப்போதும் ஒரே காய்தான் இருக்கும். அது நல்ல காய் என்று எனக்கு முன்பே தெரிந்த காய். வலது கைக்கு வருவதையெல்லாம் அதன்மேல் தட்டிக் கேட்பேன். வலது கையில் காய் மாறலாம், தட்டும் வேகம் மாறக்கூடாது. விற்க வருகிறவன் ஓங்கித் தட்டிக் காட்டுவான், ஏனென்றால் ஓங்கித் தட்டினால் சொத்தைக் காய்கூட நன்றாகத்தான் பேசும். வாங்குகிறவன் மெதுவாகத் தட்ட வேண்டும். இதை நான் யாரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை, உனக்கும் சொன்னதில்லை. நீ காய்க் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதுவாய். நான் தட்டிக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தது, நாம் இருவரும் கோயம்புத்தூர் கடைக்குப் போன நாள்வரை.

நீ வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வாரம் அது. கொச்சியில் அந்த அலுவலகத்தில் வேலை என்னவென்று நீ சொன்னபோது முதலில் எனக்குப் பிடிபடவில்லை. ஊர் ஊராகப் போய் விவசாயிகளின் பேச்சைப் பதிவு செய்துகொண்டு வருவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுத்தாக்க வேண்டும். மூன்று மாதம் பார்ப்பார்கள், தேறினால்தான் வேலை. நாள் முழுக்கக் கேட்கிற வேலைக்கு, இடது காது பாதிதான் கேட்கும் என் மகள் போகிறாள். அவர்கள் அனுப்பிய மாதிரிப் பதிவை, ஹெட்போனை உன் மடிக்கணினியில் நேராகச் செருகிக் கேட்டபோதே சங்கடம் தெரிந்துவிட்டது. பேச்சுக்கு அடியில் சாரல் விழுகிற மாதிரி ஓர் இரைச்சல். இடது பக்கம் கேட்கட்டும் என்று கூட்டினால் வலது காதில் இடி. அந்த வலது காதைப் பொத்திப் பாதுகாக்க வேண்டும் என்று டாக்டர் வருடா வருடம் சொல்லி அனுப்புகிறார். அப்போதுதான் நீ சொன்னாய், கணினிக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் வைக்க ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது என்று. கணினிக்குள் சத்தம் வெறும் எண்ணாகத்தான் இருக்கும். அதை ஓசையாக மாற்றுவது ஒரு வேலை, அந்த ஓசைக்குப் பலம் கொடுத்து ஹெட்போனுக்கு அனுப்புவது இன்னொரு வேலை, இரண்டையும் அந்தப் பெட்டி செய்யும். காயைக் கொப்பரையாக்குவது ஒருவன், எண்ணெய் ஆட்டுவது ஒருவன், இரண்டும் ஒரே கூரையில் என்று நான் புரிந்துகொண்டேன். நீயும் "அப்படித்தானுங்கப்பா" என்று விட்டுவிட்டாய்.

கடையில் கண்ணாடி மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒன்று சோப்புப் பெட்டி அளவு, கனமாக, பேட்டரி உள்ளே, முகப்பில் திருகுவதற்கு ஒரு பித்தளைக் குமிழ். மற்றொன்று தீப்பெட்டியில் பாதி. ஒரு குட்டி வயர் வால்போல நீட்டிக்கொண்டிருந்தது, பேட்டரி கிடையாது, கணினியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். எனக்குப் பார்த்தவுடன் பெரியதுதான் பிடித்தது. கையில் வாங்கினால் ஒரு பொருள் வாங்கின மாதிரி இருந்தது. கடைப்பையன் என் முகத்தைப் படித்துவிட்டான்; நல்ல வியாபாரி.

"சார், இது பேலன்ஸ்டு. ஆபீஸ், வீடு, டிராவல், எதுக்கு வேணா யூஸ் பண்ணலாம். பவர் எந்த ஹெட்போனையும் தூக்கிரும்."

"பேலன்ஸா? ரெண்டு பக்கமும் சமமாக்கீருமா?"

"அதுக்குத்தானே சார் பேலன்ஸ்டுன்னு பேரே!"

அம்மிணி, அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த பேலன்ஸ் தராசு. ஒரு தட்டு தாழ்ந்தால் மறுதட்டில் கல் வைத்தால் சரியாகும். உன் இடது தட்டு எத்தனையோ வருடமாக மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதைச் சமமாக்க ஒரு கல் இந்தக் கண்ணாடி மேசைமேல் இருக்கிறதென்றால் நான் வேறென்ன கேட்பேன்? விலை என்னவென்றுகூடக் கேட்கவில்லை. "இதையே கட்டுங்க தம்பி" என்றேன். விலை கேட்காமல் நான் வாங்கப்போன பொருள் என் ஆயுசில் அது ஒன்றுதான்.

"அப்பா, நீங்க சித்த இருங்க" என்றாய் நீ. "அது வேற பேலன்ஸுங்க."

"பேலன்ஸுல என்ன அம்மிணி வேற பேலன்ஸு?"

"அது வயரோட சமாச்சாரமுங்க. எடதுக்கு ரெண்டு கம்பி, வலதுக்கு ரெண்டு கம்பின்னு தனித்தனியா ஓடும். அதுக்குன்னு தடியா ஒரு பின் இருக்குது, என்ற ஹெட்போன்ல அந்தப் பின்னே கெடயாது. காது ரெண்டையும் சமமாக்கற சோலி அதுக்குத் தெரியாதுங்க."

"அப்பச் சமமாக்கறது எது?"

"அது கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்குதுங்க. எடப்பக்கத்தக் கொஞ்சம் தூக்கி, வலப்பக்கத்த எறக்கி வெச்சுக்கலாம். அதுக்குக் காசே வேண்டாம்."

கடைப்பையன் மேசையைத் துடைக்க ஆரம்பித்தான். நான் விடவில்லை. அப்படியானால் பெட்டி எதற்கு என்று கேட்டேன். நீ பொறுமையாகச் சொன்னாய்: தூக்கி இறக்கும்போது அடியில் இரைச்சல் ஏறக்கூடாது, சத்தத்தை நூல் நூலாக ஏற்ற முடிய வேண்டும், மிகக் குறைவாக வைத்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வர வேண்டும், இந்த மூன்றும் சரியாக இருக்கிற பெட்டிதான் தேவை, பலமான பெட்டி தேவையில்லை.

அவன் அடுத்த வித்தையை எடுத்தான். ஒரு பாட்டைச் சின்னதில் போட்டுக் கொடுத்தான், பிறகு அதையே பெரியதில் போட்டுக் கொடுத்தான். நான் மாட்டிக் கேட்டேன். பெரியதில் கேட்டபோது நெஞ்சுக்குள் மேளம் அடித்தது. "இதுதான் சரக்கு!" என்று கத்தியேவிட்டேன் போலிருக்கிறது, கடையில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீ ஹெட்போனை என் தலையிலிருந்து கழற்றி நீ மாட்டிக்கொண்டாய். உன் போனிலிருந்து ஒரு பதிவைக் கணினிக்கு மாற்றி அதைப் போடச் சொன்னாய். பெரியதன் குமிழைத் திருகித் திருகிக் குறைத்தாய், இரண்டிலும் ஒரே அளவு சத்தம் வரும்வரை. பிறகு என்னிடம் நீட்டினாய். "இப்பக் கேளுங்க."

கேட்டேன். டக், டக், டக். நம் களம். நான் காய் தட்டுகிற சத்தம். எப்போது பதிவு செய்து வைத்தாயோ தெரியாது. நடுவில் உங்கம்மா "காப்பி ஆறுது" என்று கூப்பிடுவதுகூட இருந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ ஒரு விரிசல் காய். பெரிய பெட்டியில் அந்தக் கரகரப்பு இரைச்சலுக்குள் புதைந்து கிடந்தது. சின்னதில் தனியாக, என் கைக்குள் இருப்பதுபோலக் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்த காயை இடது கையில் வைத்துக்கொண்டு, வேகத்தை மாற்றாமல் தட்டிப் பார்த்திருக்கிறாய் நீ. அவன் ஓங்கித் தட்டிக் காட்டினான். முப்பது வருடம் காயிலேயே கிடந்த நான் அதில் மயங்கி நின்றேன். குவியலுக்குப் பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்த நீ மயங்கவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டவில்லை. கடைக்காரன் முன்னால் முகத்தில் எதையும் காட்டுவதில்லை என்பது என் பழக்கம். இப்போது காட்டுகிறேன்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை. நீ பெரியதன் குமிழை இன்னும் இறக்கினாய். கடைசிக்குப் பக்கத்தில் வந்தபோது இடப்பக்கம் சுத்தமாக நின்றுபோய் வலப்பக்கம் மட்டும் கேட்டது. "பாத்தீங்களா, கொறச்சு வெச்சா ஒரு பக்கம் விட்டுப்போகுது" என்று அவனிடம் காட்டினாய். அவன், "குமிழ் வெச்ச எல்லாத்துலயும் கொஞ்சம் அப்படித்தான் மேடம் இருக்கும். அதெல்லாம் யாருக்கும் தெரியாது" என்றான்.

"எனக்குத் தெரியுமுங்க. எனக்கு எடது காது பாதிதான் கேக்கும். அதுல வர்றது கொறைஞ்சா எனக்குத்தான் மொதல்ல தெரியும்."

கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாய். பக்கத்தில் ஓர் அம்மா மருமகனுக்கு ஏதோ வாங்கிக்கொண்டிருந்தார், நம்மூர்ச் சாயல். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. உன் கையைப் பிடித்து, "மெல்லப் பேசு அம்மிணி" என்றேன்.

"மெல்லப் பேசுனா எனக்கே கேக்காதுங்கப்பா."

அந்தப் பையன் சிரித்துவிட்டான். நீயும் சிரித்தாய். அந்த அம்மாவும் சிரித்தார். நான் மட்டும்தான் சிரிக்கவில்லை. தீப்பெட்டியில் பாதியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

வரும்போது வண்டியை நீ ஓட்டினாய். நான் உன் இடப்பக்கம். வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டி, தென்னை தொடங்குகிற இடத்தில் நான் உன் பக்கம் திரும்பி ஒன்று சொன்னேன். நீ திரும்பவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை. அன்று உன் இடது காதுக்கு நான் சொன்னதைத்தான் இப்போது எழுதுகிறேன்: உன் காது இப்படியானதற்கு நான்தான் காரணம். உனக்குக் காய்ச்சல் வந்து கேட்காமல் போனது என்று நாங்கள் சொல்லி வளர்த்தது பொய். காய்ச்சல் வந்தது உண்மை, காதைக் கெடுத்தது காய்ச்சல் இல்லை.

உனக்கு அப்போது ஆறு வயது. காது வலி என்று அழுதாய்; சீழ் வடிந்தது. உங்கம்மா பாலக்காட்டுக்கு டாக்டரிடம் போகலாம் என்றாள். நான் கேட்கவில்லை. எண்ணெய் வியாபாரி வீட்டில் பிள்ளைக்குக் காது வலி என்று ஊருக்குள் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று ஒரு வீம்பு. நம் கொப்பரையில் ஆட்டிய முதல் எண்ணெய், பூண்டு தட்டிப் போட்டு, இளஞ்சூடாக. நானே உன் தலையை மடியில் சாய்த்து ஊற்றினேன். வலி குறைந்த மாதிரி இருந்தது. மறுநாளும் ஊற்றினேன். மூன்று வாரம் ஊற்றினேன். காதுக்குள் ஜவ்வில் ஓட்டை விழுந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்துகொள்ள வழி இருந்தது. உங்கம்மா தினமும் காட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் போனபோது அந்த டாக்டர் மலையாளத்தில் கேட்டார், "செவியில் எண்ண ஒழிச்சோ?", காதில் எண்ணெய் ஊற்றினீர்களா என்று. நான் "இல்ல டாக்டர்" என்றேன். உங்கம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறது.

பிறகு ஆபரேஷன் செய்து ஓட்டையை அடைத்தார்கள். கேட்கும் சக்தி பாதிக்கு மேல் திரும்பவில்லை. அதை நான் முதலில் கண்டது களத்தில்தான். நீ விளையாட்டாக இரண்டு காயை எடுத்துத் தட்டுவாய். தட்டிவிட்டுத் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுப்பாய். ஒவ்வொரு முறையும் வலது. நான் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றிலிருந்து அதை மறைப்பதே என் தொழில் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் உன்னை முன் பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும். காது என்று சொல்ல வாய் வரவில்லை, பெண் பிள்ளை, நாளைக்கு ஒருவன் கட்டிக்கொள்ள வேண்டுமே என்ற நினைப்பு. டீச்சரிடம், "புள்ளைக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலுங்க" என்று சொன்னேன். அவர் நல்லவர். உன்னைக் கண் டாக்டரிடமே அனுப்பிவிட்டார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள், ஆனாலும் நான் பவர் இல்லாத ஒரு கண்ணாடி வாங்கி உனக்கு மாட்டிவிட்டேன். நாலாவதுவரை நீ அதைப் போட்டுக்கொண்டு திரிந்தாய். காது கேட்காத பிள்ளைக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட அப்பன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

இப்போது அந்த அலுவலகத்துக்கு வா. சேர்ந்த அன்றைக்கே உன் மேடத்திடம் காதைப் பற்றிச் சொல்லிவிட்டாய் என்று சாயங்காலம் போனில் சொன்னாய். நான் குதித்தேன். ஞாபகம் இருக்கிறதா?

"எதுக்குச் சொன்னே? மூணு மாசம் கழிச்சு, வேல உறுதியான பொறகு சொன்னா ஆகாதா? கேக்கற வேலைக்குக் காது மந்தம்னா எவன் வெச்சுக்குவான்?"

"சொல்லலீன்னா மூணு மாசமும் மறைக்கறதுக்கே செரியாப் போயிருமுங்க. அப்பறம் எப்பக் கேக்கறது? மறுபடியும் கண்ணாடி மாட்டிக்கச் சொல்றீங்களா?"

போனை வைத்துவிட்டேன். கோபத்தில் என்று நினைத்திருப்பாய். வெட்கத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று மாதமும் நீ வேலையைப் பற்றிச் சொன்ன ஒவ்வொன்றையும் உங்கம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேடம் உன்னை ஹாலின் இடது ஓரத்து மேசைக்கு மாற்றியது. எல்லாரும் உன் வலது காதுப் பக்கமாக இருப்பதால் கூப்பிட்டால் உனக்குக் கேட்கிறது என்பது. இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாக்கி இரண்டு காதுக்கும் முழுசாக வரும்படி நீ வைத்துக்கொண்டது. பெட்டியில் உச்ச அளவு ஒன்று குறித்து, அதற்குமேல் ஏறாதபடி பூட்டிவைத்தது. அப்புறம் அந்தச் சாளைக் கதை. அதை நான் இதற்குள் நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் பேசிய பதிவு. பின்னால் மோட்டார் ஓடுகிறது. மூன்று பேர் அதைக் கேட்டு, சரியாகக் கேட்காமல், சத்தத்தைக் கூட்டக் கூட்ட மோட்டாரும் கூடவே கத்த, கடைசியில் "சாளை" என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, கொச்சிப் பக்கத்தில் அது மத்தி மீனாயிற்றே, இவர் மீன் வியாபாரமும் பார்க்கிறார் என்று எழுதி வைத்துவிட்டார்கள். அது உன் மேசைக்கு வந்தது. நீ சத்தத்தைக் கூட்டவில்லை, குறைத்தாய். மோட்டார் கீழே அமுங்கியது. பேச்சு மேலே மிதந்து வந்தது. "நானு சாளையிலதான் குடியிருக்கறனுங்க, ஊட்டுக்கு வாரத்துக்கு ஒருக்காத்தான் போவேன்." நீ எழுந்து போய் மேடத்திடம், எங்கள் பக்கம் சாளை என்றால் தோட்டத்துக்குள் இருக்கிற குடியிருப்பு என்று சொன்னாயாம். அவர் மலையாளத்தில், "அப்போ ஈ மனுஷன் மீன் விக்கணில்லே?", இந்த ஆள் மீன் விற்கவில்லையா என்று கேட்டுச் சிரித்தாராம். "அவரு தென்னந்தோப்புக்காரரு மேடம், அவரு மீனக் கண்டே மாசம் ஆகியிருக்கும்" என்றாயாம் நீ. அதன் பிறகு கிழக்குப் பாலக்காட்டுப் பதிவு எல்லாம் உன் மேசைக்குத்தான் வருகிறது என்று உங்கம்மா சொன்னபோது நான் லாரிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவனிடமும் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் "பெரிய விசயமுங்க" என்றான்.

சில புத்திமதி சொல்லிவிடுகிறேன். அப்பன் கடிதத்தில் அது இல்லாவிட்டால் எடை குறைவாக இருக்கும். அந்தச் சின்னப் பெட்டியின் வால் வயர் பெட்டியோடு சேருகிற கழுத்தில்தான் முதலில் போகும், மடக்கிப் பையில் திணிக்காதே. ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு போ. எவனாவது இதைவிடப் பெரியது வந்திருக்கிறது என்று காட்டினால் நம் களத்துப் பதிவைப் போட்டுக் கேள், ஓங்கித் தட்டவிடாதே. மணிக்கு ஒருமுறை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நட; வேலை அவசரம் என்று யார் சொன்னாலும் அந்தப் பூட்டிவைத்த அளவுக்குமேல் ஒரு நூல்கூட ஏற்றாதே. அந்த வலது காதைக் கொடுத்து வாங்குகிற மாதிரி ஒரு வேலையும் இந்த உலகத்தில் கிடையாது. குறையை முதல் நாளே சொல்லிவிடு என்று ஒரு புத்திமதி எழுத நினைத்தேன். அதை நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய், திருப்பி உனக்கே விற்க மாட்டேன்.

சொன்னால் நம்ப மாட்டாய், இன்று காலையில் நானும் சொல்லிப் பார்த்தேன். கோவிந்தாபுரத்தில் ஒரு தோப்புக்காரர், புதியவர், காய் காட்டிக்கொண்டே "மக என்ன பண்ணுதுங்க?" என்று கேட்டார். "கொச்சியில, காதுல கேட்டு எழுதற வேலைங்க. நேத்துத்தான் உறுதியாச்சு" என்றேன். பிறகு நிறுத்தாமல், "என்ற மகளுக்கு எடது காது பாதிதான் கேக்குமுங்க. சின்னதுல நான் எண்ணெய் ஊத்திக் கெடுத்துப்போட்டேன்" என்றேன். அவர், "அப்படியுமா வேல வாங்கீருச்சு!" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையிலிருந்த காயைத் தட்டாமலேயே நல்ல காய் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று பாக்கி. அன்று வண்டியில் நான் பேச வாய் திறந்ததும் நீ கையை நீட்டி ஏசியை நிறுத்தினாய். ஜன்னலை இறக்கவும் இல்லை. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறாய், என் மகள் அல்லவா என்று நான் நினைத்துக்கொண்டேன். வியர்த்துக் கொட்டியது, நீ திரும்பப் போடவில்லை. இதை எழுதும்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்: சத்தத்தைக் குறைத்துக் கேட்கிறவள் நீ. அன்றைக்கு நான் சொன்னது உனக்குக் கேட்டிருந்தால், கேட்டும் என்னைச் சங்கடப்படுத்தாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டியிருந்தால், அதை எனக்கு எழுத வேண்டாம். போனிலும் சொல்ல வேண்டாம். நீ ஓட்டும்போது நான் இடப்பக்கம்தான் உட்கார முடியும், வண்டியை அப்படிச் செய்திருக்கிறார்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது வேலந்தாவளம் தாண்டியதும் ஓரமாக நிறுத்து. நான் இறங்கி, சுற்றி வந்து, உன் பக்கத்து ஜன்னலில் நின்று, வலது காதுக்குச் சொல்கிறேன்.

அப்பா